தீப்பெட்டியில் வந்த உண்ணிகள்

திண்டிவனத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டருக்கும் எனக்கும் தகராறு. என் பையை வாங்கி மேலே வைக்கப் போனவர் மோந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, சரக்கு வாடை அடிக்குது?" என்றார். தமிழ்நாட்டில் மதுவிலக்கு மறுபடி வந்திருந்த நேரம் அது. சரக்கு இல்லை, ஸ்பிரிட், உண்ணி பிடித்துப் போட்டு வைக்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாண்டிச்சேரிலேர்ந்து இந்தப் பக்கம் கடத்துறவன பாத்திருக்கேன். இங்கேர்ந்து அந்தப் பக்கம் கொண்டு போற மொத ஆளு நீங்கதான்." பஸ் முழுக்கச் சிரித்தது. பையை மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஏற்றிக்கொண்டார்.

பின்சீட்டில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். "பைத்தியம் போலிருக்கிறது, பாவம், புடவை மட்டும் நல்ல புடவை." மலேசியாவில் நான் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் பாதிப்பேர் தெலுங்குக்காரர்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? திரும்பி, புடவையைப் பற்றிச் சொன்னதற்குத் தெலுங்கிலேயே நன்றி சொன்னேன். மரக்காணம் வரும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் மலேசியாவில் தைப்பிங் என்ற ஊரில் கால்நடை நோய்களை ஆராயும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தேன். சென்னையிலிருந்து பினாங்கு வரும் கப்பலில் ஆடுகளும் வருவதுண்டு. ஒரு தடவை மரக்காணம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஆடுகளின் காதுக்குள் எங்களுக்குப் பழக்கமில்லாத உண்ணி இருந்தது. அந்த உண்ணியின் காலில் வெள்ளை வளையம் வளையமாக இருந்தது. அது மாட்டுக்குப் போனால் காய்ச்சலைக் கொண்டு போகும் என்று எங்கள் அதிகாரிக்குப் பயம். அந்தக் கடற்கரை ஆடே வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்றார். எல்லா ஊரிலும் இருக்கிறதா, சில ஊரில்தானா என்று பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்டேன். "நீயே போய்ப் பார்த்துவிட்டு வா. தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதானே" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் அடுத்த நாளே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

மரக்காணத்தில் காசிம் பாயின் டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. பாயின் மனைவி ஜமீலாக்கா முதல் நாளே ஒரு தட்டு நிறைய நண்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊரில் நண்டுக்கு இனிப்பும் மிளகாயும் போடுவார்கள். இங்கே மிளகும் பூண்டும். ஓட்டை உடைக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்து அவரே உடைத்துக் கொடுத்தார். "உண்ணிய தேடியா கப்பல் ஏறி வந்தீங்க?" என்று பாய் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். "யா அல்லா! சொல்லி அனுப்பிருந்தா நாங்களே ஒரு மூட்டை அனுப்பிருப்போமே."

மறுநாள் அளத்துப் பக்கம் போனேன். உப்பளத்தை அங்கே அளம் என்றுதான் சொல்கிறார்கள். கண்ணுக்கெட்டியவரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு, வரப்போரம் குவித்த வெள்ளை அம்பாரம். நிழல் என்று ஒன்று கிடையாது. ரப்பர் மரத்தடியில் வளர்ந்த எனக்கு வெயில் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வரப்பில் நாலைந்து ஆடுகள் நின்றன. ஒன்றைப் பிடித்துக் காதை விரித்தேன். பாத்தியில் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "ஏய், யாரும்மா அது? என் ஆட்ட ஏன் புடிக்கிற?" என்று கத்திக்கொண்டே வந்தார்.

அஞ்சலை அப்படித்தான் எனக்கு அறிமுகம். நாற்பது வயதிருக்கும். பகலெல்லாம் அளத்தில் வேலை, அதோடு ஆடும் வளர்ப்பவர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். "இம்மாந்தூரம் நீ ஒருத்தியா நடந்து பாக்கப் போறியா? மூஞ்சி இப்பவே நண்டு மாதிரி செவந்து போச்சு" என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்தார்.

அவர் சொன்னது சரி. அன்றைக்குச் சாயங்காலம்வரை அலைந்தும் நான் பார்க்க முடிந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆடுகளைத்தான். இந்த வேகத்தில் போனால் லீவு முடிகிறபோது மரக்காணத்தையே தாண்டியிருக்க மாட்டேன். டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தேன். கடைக்குக் கடற்கரைக் குப்பத்திலிருந்தும் கழுவெளி ஏரிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஆடோ மாடோ இருந்தது. பீடி பிடிப்பவர்கள் வீசிய காலித் தீப்பெட்டிகள் பெஞ்சடியில் கிடந்தன. பார்க்க வேண்டியது நான் ஒருத்தி மட்டும் ஏன்?

மறுநாள் காலையில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். உங்கள் ஆட்டிலோ மாட்டிலோ உண்ணி இருந்தால் நசுக்காமல் எடுத்து, ஈரப்புல்லோடு தீப்பெட்டியில் போட்டு, எந்த ஊர், எங்கே மேய்ந்தது என்று சொல்லிவிட்டு இங்கே கொடுங்கள்.

முதலில் வந்த பெட்டியில் மூட்டைப்பூச்சி இருந்தது. அடுத்ததில் பொறிவண்டு. மூன்றாவதில் கொழுகொழுவென்று ஏழெட்டு உண்ணிகள். ஆசையாகக் கவிழ்த்தேன். எல்லாம் ஆமணக்குக் கொட்டை! ரத்தம் குடித்து ஊதிய உண்ணிக்கும் அதற்கும் சட்டென்று வித்தியாசம் தெரியாது. கடை மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொட்டையைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர் கையிலேயே இன்னொரு காலிப் பெட்டியைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு 'உண்ணியம்மா' என்று பேராயிற்று.

கோவிந்தசாமி வந்தது அதற்கடுத்த நாள். கழுவெளி ஓரத்தில், பஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் நிலம் வைத்திருப்பவர். அந்த ஊரின் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஐந்து பெட்டிகளை எடுத்து மேஜைமேல் அடுக்கினார். எல்லாம் உயிரோடு இருந்தன. இரண்டில் வளையக்கால் உண்ணி.

"இதுங்க இரத்தத்த மட்டுந்தான் குடிக்குதா, வேற எதனா பண்ணுதாம்மா?" என்று கேட்டார். சிலது காய்ச்சலை ஏற்றும் என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "போன வருசம் என் கறவ மாடு மூத்திரம் ரத்தமா பேஞ்சு செத்துப் போச்சு. என் தம்பிதான் செய்வினை வச்சிட்டான்னு அவனோட பேச்சயே நிறுத்திட்டேன். பூச்சியால வந்ததுன்னு தெரிஞ்சா போதும்." அது எதனால் வந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் உண்ணி கடித்து அப்படி வருவதுண்டு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னும் காலிப்பெட்டி கேட்டார்.

பிறகு தினமும் வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய தாளில் கடற்கரை, அளம், கழுவெளி, ஊர்கள் எல்லாம் வரைந்து, வளையக்கால் உண்ணி வந்த இடத்தில் புள்ளி வைத்தேன். பாய் அதைக் கடைச் சுவரிலேயே ஒட்டச் சொன்னார். அதுதான் சரியான விளம்பரமாக இருந்தது. "எங்க ஊருக்கு ஒண்ணுகூட இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போய் மறுநாள் பெட்டியோடு வந்தவர்கள் உண்டு. மீன் பிடிப்பவர்கள் நாய் உண்ணியைக் கொண்டு வந்தார்கள். எனக்கு வேண்டியது அதில்லை என்றாலும் வாங்கிக்கொண்டேன். பாட்டில்கள் நிறைந்துகொண்டே வந்தன. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜமீலாக்கா வஞ்சிரத்தை வறுத்து வைத்துவிட்டு, "கையை நல்லா கழுவினியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

ஆட்டுத் தரகர் மாணிக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். அந்தப் பக்கத்து ஆடுகளை வாங்கிப் பினாங்குக் கப்பலுக்காக லாரியில் சென்னைக்கு ஏற்றுகிறவர் அவர்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த தாளை வெகுநேரம் பார்த்தார். கோவிந்தசாமியின் ஊர் கறுப்பாக இருந்தது. அவ்வளவு புள்ளி. "இது உண்ணி இருக்கிற ஊரா?" என்று பாயிடம் கேட்டார். "ஆமா" என்று பாய் சொல்லிவிட்டார். மாணிக்கம் டீயை முழுதாகக் குடிக்காமலேயே போனார்.

அந்த வாரம் லாரி கோவிந்தசாமியின் ஊரில் நிற்கவில்லை. ஆட்டை ரோட்டோரம் கட்டிவைத்துக் காத்திருந்தவர்கள் பொழுது சாய்ந்ததும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் கோவிந்தசாமி சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பேசினார்.

"ஊர்ல என்னைத் திட்டுறாங்கம்மா. நீதானேடா போய்ப் போய்க் கொடுத்தேன்றாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு ஆட்ட நம்பிக்கினு இருந்தவன் வூட்டு வாசல்ல வந்து நிக்கிறான். நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் மாணிக்கத்திடம் பேசுகிறேன்" என்றேன்.

"இன்னா பேசுவீங்க? உண்ணி இல்லன்னு சொல்லுவீங்களா? நானே கொண்டாந்து கொடுத்தேனே." சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சுவரில் இருந்த தாளின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனபோது ஒன்று கண்ணில் பட்டது. புள்ளிகள் ஏரியைச் சுற்றி இல்லை, முள்காட்டைச் சுற்றியும் இல்லை. பஸ் ரோட்டை ஒட்டி மணிமாலை மாதிரி வரிசையாக நின்றன. ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களில் ஒன்றுகூட இல்லை. உண்ணி பஸ் ஏறிப் போகுமா? பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்க வசதியான ஊர்களில் புள்ளி இருந்தது. அக்கறையாகத் தேடிய ஒருவர் இருந்த ஊரில் அதிகப் புள்ளி இருந்தது. உண்ணி வாழும் இடத்தை நான் வரையவில்லை. தேடியவர்கள் வாழும் இடத்தைத்தான் வரைந்திருந்தேன்.

உடனே தாளைக் கிழித்து எடுத்தேன். பாய் பதறிப்போனார். "திரும்ப வரையணும் பாய்" என்றேன். "எல்லா ஊரையும் ஒரே மாதிரி தேடணும். நானே போகப் போறேன்." கப்பலுக்கு நாள் நெருங்கியிருந்தது. அடுத்த கப்பலில் வருகிறேன் என்று தைப்பிங்குக்குத் தந்தி அடித்தேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் அடித்தேன்.

அந்த வாரம் எதிர்பாராத மழை. அளத்தில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து, வேலை நின்றுவிட்டது. அஞ்சலை கடைக்கு வந்து, "நான் கூட வர்றேன். இன்னும் ரெண்டு பொம்பளைங்களையும் கூட்டியாரேன்" என்றார்.

அவரிடம் ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "அஞ்சலக்கா, பழைய தாளில் உங்க குப்பத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. மாணிக்கம் உங்க ஆட்டை வாங்குறார். இப்போ நாம தேடினா உங்க ஆட்டுலயும் இருக்கலாம்."

"இருந்தா இருக்கட்டும்" என்றார். "ஊருக்கெல்லாம் காதத் திருப்பிப் பாத்துட்டு என் ஆட்ட மட்டும் ஒளிச்சு வச்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கினு நடக்கிறது?"

விதிகளைச் சேர்ந்தே பேசி வைத்துக்கொண்டோம். எந்த ஊரானாலும் பத்து ஆடு. எந்த ஆடு என்று ஊர்க்காரர்கள் காட்டக்கூடாது, மந்தையிலிருந்து நாங்களே பிடிப்போம். காது, கழுத்தடி, தொடையிடுக்கு, வாலடி என்று ஒரே வரிசையில் பார்ப்போம். இல்லையென்றால் இல்லை என்றும் குறிப்போம். முன்பு, தேடிப் பார்த்தேன், உண்ணி இல்லை என்று வந்து சொல்லும்படி நான் யாரையும் கேட்கவே இல்லையே!

முதல் நாள் மாட்டுவண்டி சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு, "இனிமே நட தான்" என்றார். கழுவெளிக் கரையில் முழங்கால் சேற்றில் பாட்டில்களைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். என் செருப்பு ஒன்று அங்கேயே போயிற்று. அஞ்சலையின் கூட்டாளிகள் நான் நடப்பதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். சேறில்லாத இடத்தில் வேலிக்காத்தான் முள். பகல் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலிக் கருவாடு வைப்பதைச் சொன்னேன். "அப்ப எங்க சாப்பாட்டத்தானே நீங்களும் துன்றீங்க" என்றாள் ஒருத்தி.

சில ஊர்களில் உள்ளேயே விடவில்லை. "உண்ணி கிண்ணி ஒண்ணும் இங்க இல்ல. போங்க. ஏரிக்கரையான் கெட்டது போதாதா?" என்று ஓர் ஆள் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் விளக்கப் பார்த்தேன். எடுபடவில்லை. அஞ்சலை முன்னால் வந்து, "அண்ணே, உன் ஊரப் பாக்காததாலதான் அவனுக்கு மட்டும் கெட்ட பேரு. பத்து ஆடு காட்டு. நாளைக்கு எங்க குப்பத்துக்கு வந்து நீயே என் ஆட்டப் பாரு" என்றார். அந்த ஆள் மறுநாள் உண்மையாகவே குப்பத்துக்கு வந்து நின்றார்.

அஞ்சலையின் மூன்றாவது ஆட்டில், காது மடிப்புக்குள், வளையக்கால் உண்ணி இருந்தது. கண்டுபிடித்தது அஞ்சலையேதான். விரலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அந்த மாதம் விற்க அந்த ஆடுகள்தான் இருந்தன. வந்திருந்த ஆளும் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளிய வை" என்று அஞ்சலை அதை என்னிடம் நீட்டினார்.

கடைசியாகத்தான் கோவிந்தசாமியின் ஊருக்குப் போனோம். அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவி தொழுவத்தைக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, மற்ற ஊர்களைவிட அங்கே அதிகமில்லை. ரோட்டுக்குத் தள்ளி முள்காட்டை ஒட்டிய ஊர்களில் அதைப்போல மூன்று பங்கு இருந்தது. கோவிந்தசாமியின் சொந்த ஆடுகளில் அநேகமாக ஒன்றுமே இல்லை. தினமும் பொறுக்கி எனக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாரே!

சந்தை நாளன்று புதுத் தாளை எடுத்துக்கொண்டு மாணிக்கத்தின் லாரி நிற்கும் புளியமரத்தடிக்குப் போனேன். அஞ்சலையும் வந்தார். ஆடு விற்க வந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். தாளை லாரியின் பக்கப் பலகையில் விரித்துப் பிடித்தேன். புள்ளி இல்லாத ஊரே இல்லை. சில ஊரில் அதிகம், அளத்துப் பக்கம் குறைவு, அவ்வளவுதான்.

மாணிக்கம் பார்த்தார். "அப்ப நான் எங்கதாம்மா ஆடு வாங்குறது? கடைய மூடிட்டுப் போவட்டுமா?"

"எல்லா ஊரிலும் வாங்கலாம். ஏற்றுவதற்கு முன்னால் பொறுக்கிவிட்டு, மருந்துப் பொடி தூவி, ஒரு நாள் சுத்தமான கொட்டகையில் நிறுத்தி ஏற்றுங்கள். எங்கள் ஊரில் அதைத்தான் கேட்பார்கள்."

"அதெல்லாம் ஆவற காரியமா? யார் ஒக்காந்து பொறுக்குறது? உண்ணி கம்மியா இருக்கிற ஊர்ல மட்டும் வாங்கினு போறேன்." அஞ்சலையின் ஆடுகளைக் காட்டினார். "இத ஏத்துங்கடா."

அஞ்சலை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "எங்க குப்பத்து ஆட்டுலயும் இருக்குது. நானே எடுத்தேன். ஏரிக்கரை ஊர்ல நிக்காத லாரி எங்க ஊர்லயும் நிக்க வேணாம்."

"ஏம்மா, உனக்கு இன்னா வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் வரல. பொறுக்கித்தான் ஏத்தணும்னா நாங்க பொறுக்கித் தர்றோம். எல்லா ஊர் ஆட்டையும் ஏத்து. இல்லன்னா எதையும் ஏத்தாத."

தடியை ஊன்றிக்கொண்டு எங்களை விரட்டிய ஆள் அங்கே இருந்தார். தன் ஆட்டை அவர் லாரியிலிருந்து இறக்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் இறக்கினார். யாரும் கூச்சல் போடவில்லை. ஆடுகள்தான் கத்தின. பாதி நிறைந்திருந்த லாரி கொஞ்ச நேரத்தில் காலியாயிற்று. மாணிக்கம் டிரைவரைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, பொறுக்குங்க" என்றார்.

புளியமரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கினார்கள். நானும் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் முடித்து ஏற்றும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தைப்பிங்குக்குத் திரும்பியபின், பொறுக்கி மருந்து தூவி ஏற்றினால் எல்லா ஊர் ஆடும் வரலாம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு தடவை திருப்பி அனுப்பினார், மூன்றாவது தடவை கையெழுத்துப் போட்டார். ஆடுகள் தொடர்ந்து வந்தன.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு வேண்டியிருந்தது அதில்லை. லாரி கோவிந்தசாமியின் ஊரில் நிற்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். மாணிக்கத்தைக் கேட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். லாரியின் ஹாரன் சத்தம் கேட்டதும் ஊர் ஆட்கள் வெளியே வந்தார்கள். நம்பாமல் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அங்கேயும் பொறுக்க உட்கார்ந்தோம்.

கோவிந்தசாமி கடைசியாக வந்தார். அவரோடு இன்னொருவர், முகஜாடை அப்படியே அவர்போல. இரண்டு பேரும் ஒரே ஆட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"தம்பி" என்று எனக்குக் காட்டினார் கோவிந்தசாமி. "இவனுக்கு எனக்கு மேல கண்ணு நல்லாத் தெரியும்." பிறகு தம்பியிடம், "டேய், அந்தக் காத விரிச்சுப் பாருடா. உள் மடிப்புல இருக்கும்" என்றார்.